சீல் இல்லாத வண்டி

ஒரு மனுஷர் பதினோரு வருஷம் லாரி ஓட்டியிருக்கிறார், ஏற்றிப் போன சரக்கில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். கன்டெய்னர் வண்டி அப்படித்தான். இவர் போய் நிற்கும்போதே இரும்புப் பெட்டியின் கதவைச் சாத்தி, பூட்டி, சீல் வைத்துத் தயாராக நிறுத்தியிருப்பார்கள். போய்ச் சேருகிற இடத்தில் வேறு யாரோ வந்து சீலை உடைப்பார்கள். அதற்குள் இவரை, "அண்ணே, அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்று ஓரங்கட்டிவிடுவார்கள். உள்ளே இருந்தது சோப்பா, செருப்பா, சும்மா காற்றா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மற்ற டிரைவர்கள் யாரும் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில்லை. இவருக்கோ பிறவியிலேயே குடைகிற புத்தி. வளைவில் திரும்பும்போது பெட்டிக்குள் ஏதாவது 'கடக்' என்றால் போதும், அன்றைக்கு முழுக்க மண்டை காயும். சாப்பிட உட்கார்ந்தால், "கண்ணாடியா இருக்குமோ? கண்ணாடின்னா அப்பவே நொறுங்கியிருக்குமே" என்று ஆரம்பிப்பார். கூட்டாளிகள் அவருக்குப் பெட்டிக்காரர் என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவர் மனைவிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். "கட்டின பொண்டாட்டி மனசுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளாவது இப்படி யோசிச்சிருக்கீங்களா?" என்பாள். அவர் கையைக் கழுவப் போய்விடுவார்.

மனைவியின் அண்ணன் ஓட்டுவது பிளாட்பெட். மேலே கூரை கிடையாது, பக்கத்தில் சுவர் கிடையாது, சக்கரத்துக்கு மேல் நீளமாக ஒரு தட்டு, அவ்வளவுதான். சரக்கை அதன்மேல் வைத்து, பெல்ட்டும் சங்கிலியும் போட்டுக் கட்டிக்கொண்டு போகவேண்டும். அந்தக் கம்பெனியில் ஓர் ஆள் தேவைப்படுகிறது என்று அண்ணன் சொன்னதிலிருந்து பெட்டிக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் கல்யாணத்துக்கு முன்பே கூட்டாளிகள். தங்கச்சி எதிரில் 'வாங்க போங்க' என்று மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் பழைய 'வாடா போடா' வந்துவிடும்.

"இதுல நல்லது என்ன, கெட்டது என்ன, மறைக்காம சொல்லு மச்சான்."

"நல்லதா? சும்மா உக்காந்து உக்காந்து உடம்பு ஊதாது. ஏறணும், இறங்கணும், கட்டணும், அவுக்கணும்."

"கெட்டது?"

"அதேதான்."

"விளையாடாதடா."

"சரி, கேட்டுக்கோ. ஒரு நாள் ஏத்தினதை மறுநாள் ஏத்த மாட்ட. இன்னைக்குப் படகு, நாளைக்கு டிராக்டர். கிடங்கு வாசல்ல வரிசை கட்டி நிக்க வேண்டியதில்ல, கிரேன் வந்து தூக்கிட்டுப் போயிடும். சம்பளமும் கொஞ்சம் கூட. ஆனா மழை வந்தா எல்லாரும் உள்ள ஓடுவாங்க, நீ வெளிய ஓடணும், தார்ப்பாய் போர்த்த. நனைஞ்ச தார்ப்பாய் இருக்கே, அதைத் தூக்கிப் பாரு, அப்பத் தெரியும் உன் வீரம். என் தோள்பட்டையைப் பாத்தியா, கையைத் தலைக்கு மேல தூக்கினா உசுரு போகுது."

"சரி, சரக்கு விழுந்தா?"

மச்சான் இதற்கு மட்டும் சிரிக்கவில்லை. "விழுந்தா கட்டினவன்தான் பதில் சொல்லணும். சீல் வச்சிருந்தது, எனக்கென்ன தெரியும்னு கைகழுவ முடியாது."

கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவியின் காதில் விழுந்தது இந்தக் கடைசி வார்த்தைதான். அதற்குமேல் அவளிடம் படகு, டிராக்டர் எதுவும் எடுபடவில்லை. பழைய கம்பெனி மேனேஜர் வேறு நல்ல மனுஷர். வருகிற வாரத்திலிருந்து பக்கத்து ஊர்ப் பாதையைத் தருகிறேன், தினமும் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் நாளைக்கு மத்தியானத்துக்குள் ஆமா, இல்லை சொல்லிவிட வேண்டும் என்றிருந்தார். அதே நாள் காலையில்தான் பிளாட்பெட்டில் சோதனை ஓட்டம். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அவர் சொல்கிற ஒரு வார்த்தையில்தான் அந்தப் பிளாட்பெட் கம்பெனி முதலாளியம்மா வேலை கொடுப்பதும் கொடுக்காததும்.

"போய்ப் பாருங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா மேனேஜருக்குச் சரின்னு சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வரணும்" என்று மனைவி வழியனுப்பினாள். போய்ப் பார்க்கவும் வேண்டும், வேண்டாம் என்று முடிவும் எடுத்துவிட வேண்டும். எந்த ஊர் நியாயமோ!

வெல்டிங் பட்டறையில் காத்திருந்த சரக்கைப் பார்த்ததும் பெட்டிக்காரர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு படிக்கட்டு. சுருள் சுருளாக வளைந்து ஏறுகிற இரும்புப் படிக்கட்டு, வெள்ளைச் சாயம் பூசி, படுத்துக் கிடந்தது.

"இது எங்க போகுது? யாரு ஏறப்போறாங்க?" என்று வெல்டரிடம் கேட்டார்.

"ஒரு வீட்டுக்குண்ணே. மாடி இன்னும் கட்டல."

"மாடி கட்டாம படி எதுக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். அது வந்து சேந்தாத்தான் மாடி கட்டணும்னு தனக்கு ரோஷம் வரும்னு சொல்றாரு அந்த வீட்டுக்காரரு."

இப்படி ஒரு சமாசாரம் பெட்டி வண்டியில் கிடைக்குமா? பெட்டிக்காரர் குஷியாகிவிட்டார். கிரேன் படிக்கட்டைத் தூக்கித் தட்டில் வைத்தது. அடியில் கட்டைகள் கொடுத்து, உருளாமல் ஆப்பு அடித்து, பெல்ட்டுகளைக் குறுக்கே வீசி, கொக்கியை விளிம்பில் மாட்டி, பெல்ட்டை முறுக்குகிற ராட்செட்டைத் திருகித் திருகி இறுக்கினார். உள்ளங்கை சிவந்தது. கட்டி முடித்ததும், புறப்படும் முன் வண்டியின் பின்பக்கம் போய் நின்று இல்லாத கதவில் சீலைத் தேடினார். பழக்கதோஷம்!

"என்னடா, சீல் காணாமப் போச்சா? போலீஸ்ல சொல்லலாமா?" என்று மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ஒன்றைச் சொன்னார்: "கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பாக்கணும். ஓட்டத்துல சரக்கு அசைஞ்சு அசைஞ்சு உக்காரும், பெல்ட்டு தளர்ந்துடும். எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது."

பெட்டிக்காரர் தலையாட்டினார். மனதிலும் எழுதி வைத்துக்கொண்டார். கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் அந்தப் படிக்கட்டைப் பார்ப்பார்கள் என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. சிக்னலில் நின்றால் பக்கத்து பஸ்ஸில் இருக்கிற அத்தனை தலைகளும் திரும்பின. ஒரு பையன் பைக்கை ஒட்டி நிறுத்திப் படம் எடுத்தான். நடைபாதையில் போன ஒரு பெரியவர், நமக்கென்ன என்று போகாமல், கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார். பதினோரு வருஷத்தில் அவர் வண்டியைப் பார்த்து ஹாரன் அடித்தவர்கள் உண்டு, கைகாட்டினவர்கள் கிடையாது. பெட்டிக்காரரும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, தேரில் போகிறவர் கணக்காக, எல்லாருக்கும் பதில் வணக்கம் வைத்தார்.

நகரத்தைத் தாண்டி டீக்கடையில் நிறுத்தினார்கள். பெல்ட் பார்க்கத்தான் நிறுத்தினார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெட்டிக்காரர் இறங்கியதும் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"ராட்டினமாண்ணே?"

"கோபுரத்துக்கா?"

"கப்பல்ல மாட்டுறதா?"

பெட்டிக்காரர் ஒரு பெல்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, மாடி இல்லாத வீட்டின் கதையை எடுத்துவிட்டார். கதைக்குக் கால் முளைத்தது, கை முளைத்தது. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சானோ கடைக்குப் பின்னால் நின்று போனில் தன் மனைவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருதரம் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் கை பெல்ட்டின் மேல் இருந்தது. சரி, வேலை நடக்கிறது என்று மறுபடி சண்டைக்குப் போய்விட்டார். மச்சான் வண்டிக்குத் திரும்புவதைப் பார்த்த பெட்டிக்காரர், அவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார் என்று நினைத்தார். அவர் இவரை நினைத்தார், இவர் அவரை நினைத்தார். பெல்ட்டை நினைக்க ஆளில்லை.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஹாரன். கண்ணாடியில் பார்த்தால், ஒரு ஸ்கூட்டர். ஓட்டுகிற அம்மா ஒரு கையைத் தூக்கி ஆட்டுகிறாள், முதுகைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சின்னப் பெண். பெட்டிக்காரர் சிரித்துக்கொண்டே கையை வெளியே நீட்டி ஆட்டினார். ஹாரன் நிற்கவில்லை. இவரும் இன்னொரு தரம் ஆட்டினார். அட பாவி மனுஷா, அவள் முகத்தைப் பார்க்கக்கூடாதா?

மூன்றாவது தரம்தான் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, கத்திக்கொண்டிருந்தாள். அதே கண்ணாடியில், வண்டியின் ஓரத்தில், ஒரு பெல்ட் அவிழ்ந்து காற்றில் துடித்துக்கொண்டிருந்தது. அதன் நுனியில் கைப்பிடி அளவு இரும்புக் கொக்கி. அது ஒருதரம் தட்டில் மோதியது, அடுத்த தரம் ஸ்கூட்டருக்கு முன்னால் சாலையில் தெறித்து எழும்பியது. பெட்டிக்காரர் பிரேக்கின் மேல் காலை வைத்தார். பிரேக்கை உடனே மிதிக்கலாமா? மிதித்தால் படிக்கட்டு நகர்ந்துவிடுமோ? மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி நிறுத்தி இறங்கினார்.

படிக்கட்டு ஒரு சாண் நகர்ந்திருந்தது. ஓர் ஆப்பு காணாமல் போயிருந்தது.

ஸ்கூட்டர் அம்மா வந்து நின்றாள். "கண்ணு இருக்கா உங்களுக்கு? எவ்வளவு நேரமாக் கத்துறேன், சிரிச்சுக்கிட்டு டாட்டா காட்டுறீங்க! அந்தக் கொக்கி என் புள்ள மேல பட்டிருந்தா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க, என்ன பண்ணுவீங்க?"

அந்தச் சின்னப் பெண் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. "தப்புதாம்மா" என்றார் பெட்டிக்காரர். மறுபடியும் சொன்னார்: "என் தப்புதாம்மா."

"என் தப்பும்தான்" என்று மச்சான் பின்னாலிருந்து சொன்னார்.

இருவரும் கடப்பாரை போட்டு நெம்பிப் படிக்கட்டை நேர்படுத்தினார்கள். புது ஆப்பு அடித்தார்கள். அவிழ்ந்த பெல்ட்டை மாற்றி, மற்றவற்றையும் இறுக்கினார்கள். ஸ்கூட்டர் அம்மா போகவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள்.

"ஆச்சும்மா. நீங்க முன்னாடி போயிடுங்க" என்றார் பெட்டிக்காரர்.

"எதுக்கு? இப்பவும் விழுமா?"

"இல்லம்மா..."

"அப்ப நம்பலாமா?"

நம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. மேனேஜர்தான். அவர் போனை எடுக்கவில்லை. வண்டியின் முன்கோடிக்குப் போய், முதல் பெல்ட்டில் தொங்கி இழுத்துப் பார்த்தார். கொக்கியைத் தடவினார். அடுத்தது. குனிந்து ஆப்பை உதைத்தார். அடுத்தது. போன் அடித்து ஓய்ந்தது. சுற்றி வந்து முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நம்பலாம்மா" என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டரில் ஏறினாள்.

வண்டி நகர்ந்ததும் மச்சான் தொண்டையைச் செருமினார். "இத பாரு, நான் முதலாளியம்மாகிட்ட நடந்ததைச் சொல்லித்தான் ஆகணும். மறைக்க முடியாது. வேலை கிடைக்கும்னு இப்ப என்னால சொல்ல முடியாதுடா. பேசாம மேனேஜருக்குப் போனைப் போட்டு, சரின்னு சொல்லிடு. தங்கச்சியும் நிம்மதியா இருப்பா."

சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெட்டிக்காரர் கண்ணாடியைப் பார்த்தபடி வெகுநேரம் ஓட்டினார். ஸ்கூட்டர் ஒரு கிளைச் சாலையில் திரும்பி மறைந்த பிறகுதான் வண்டியை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டுகளை இன்னொரு சுற்று இழுத்துப் பார்த்துவிட்டு, போனை எடுத்தார்.

"என்னய்யா, எங்க போனீங்க? உங்களுக்காகத்தான் இன்னும் அந்தப் பாதையை யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்" என்றார் மேனேஜர்.

"வேற ஆளுக்குக் குடுத்துடுங்க சார்."

"அங்க வேலை உறுதியாயிடுச்சா?"

"இல்ல சார். இன்னைக்குக் கட்டு அவுந்துடுச்சு. கொக்கி ஒரு குழந்தை மேல பட்டிருக்கும். அதோட அம்மா நடுரோட்டுல நிறுத்தி என்னைத் திட்டித் தீத்துட்டாங்க."

"அதுக்கப்புறமுமா? மனுஷனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? அப்படி என்ன இருக்கு அந்த வண்டியில?"

பெட்டிக்காரர் ஸ்கூட்டர் மறைந்த பக்கம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, அதை அவர் துடைக்கவில்லை.

"முன்னாடி போங்கன்னு சொன்னேன் சார். அவங்க போகல. குழந்தையை வச்சுக்கிட்டு, எங்க வண்டிக்குப் பின்னாலதான் வந்தாங்க."