வரையாமல் விட்ட முகம்

…காதை வரையலாம், முகத்தைத்தான் வரையக் கூடாது, பதினாறு வயது, நீதிபதியின் உத்தரவு, பத்திரிகை ஆசிரியரும் காலையிலேயே போனில் படித்துப் படித்துச் சொன்னார், முகம் தெரிஞ்சா பத்திரிகைக்கே வம்பும்மா என்று. சரி, காது. காது மட்டும் சும்மாவா இருக்கிறது? கத்தி எப்படி இறங்கியது என்று அரசு வக்கீல் கையை வீசிக் காட்டும்போதெல்லாம் கூண்டிலிருக்கும் பையனின் காது சிவக்கிறது, பயமா, வெட்கமா, இன்னும் கோபம்தானா… கழுத்துவரை பித்தான் போட்ட சட்டை, தோளில் தொளதொளவென்று, அப்பாவுடையதாக இருக்கும், யார் மாட்டிவிட்டிருப்பார்கள், மாட்டும்போது ஏதாவது பேசினார்களா? பத்திரிகையில் என் படத்துக்குக் கீழே நான் எழுதும் கவிதைக்கு அதுதான் வந்தது, ‘பித்தான் மாட்டிய விரல்கள் இன்று எதைப் பிடித்துக்கொண்டிருக்கும்’, சுமார்தான், ஆனாலும் அடிக்க மனமில்லை. பந்தாட்டத்தில் வந்த வாய்த்தகராறுக்குக் கத்தி எடுத்தவன் இப்படி நகம் கடிப்பானா… கண்ணை எடுக்க முடியவில்லை எனக்கு.

இடைவேளையில் வராந்தா பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் செத்துப்போன பையனின் அம்மா. "எம் பையன் போட்டோவையும் வரைஞ்சியாமே, காட்டும்மா." வரைந்திருந்தேன், சாட்சி மேசைமேல் வைத்திருந்த போட்டோ, அதன் மரச்சட்டம், கண்ணாடியில் விழுந்த விளக்கு வெளிச்சம்கூட… முகம் மட்டும் வெள்ளை. இவனுக்குத் தடை ஏதுமில்லை, வருஷக்கணக்காகப் பையன்கள் முகத்தை விட்டுவிட்டுப் பழகிய கை, தானாக விட்டிருக்கிறது. "இவனுக்கும் மொகம் கூடாதாமா?" என்றார், கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லக்கா, இருங்க, இப்பவே போட்டுடறேன்… போட்டோ உள்ளே, அறையைப் பூட்டிவிட்டார்கள், ஞாபகத்திலிருந்துதான், இன்னொரு தாளில் புருவம், கடித்த கீழுதடு, தூங்காத கண், மளமளவென்று வந்தது, எனக்கே ஆச்சரியம். அவர் குனிந்து பார்த்தார். "இது எம் பையன் இல்லம்மா." அப்புறம், தாளைக் கையில் வாங்கி, "கூண்டுல இருக்கானே, அவனா? இப்படியா இருக்கான்? நான் நிமிந்து பாக்கவே இல்லையே…"

திருப்பி வாங்கிக் கிழிக்க வேண்டும், இந்த முகம் வெளியே போனால் என் வேலை போகும், பையன் கதி அதைவிட மோசம், தெரிகிறது, கை நீளவில்லை, என்ன தேடுகிறார் அதில், எவ்வளவு நேரம் பார்ப்பார்… காலை முழுக்க அந்தப் போட்டோ எனக்கு நேர் எதிரேதான் இருந்தது, அவர் மகனுக்கு மீசை அரும்பியிருந்ததா இல்லையா, அதுகூட எனக்குத் தெரியவில்லை.