பதினைந்து நாள் தூரம்

பிரேமிளாவின் தைரொயிட் சுரப்பியில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மிச்சம் மீதியை அழிக்கக் கதிர்வீச்சு அயடீன் கொடுத்தார்கள். ஒரே ஒரு மாத்திரை. அதை விழுங்கி ஆஸ்பத்திரித் தனியறையில் மூன்று நாள் கிடந்துவிட்டு அவள் வீட்டுக்குப் புறப்பட்டபோது டாக்டர் சொன்னார்: "உங்க உடம்புல இருந்து கொஞ்ச நாளைக்குக் கதிர் வீசும். பெரியவங்க தள்ளி நின்னு பேசலாம். சின்னப் பிள்ளைய மட்டும் பதினஞ்சு நாளைக்குக் கிட்ட சேர்க்காதீங்க."

மகள் நிலானிக்கு ஒன்றரை வயது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாவலப்பிட்டியிலிருந்து கணவன் யுகேஷின் தங்கை ஞானேஸ்வரி வந்திருந்தாள். கட்டுகஸ்தோட்டை வீட்டின் மாடியறையில் தாய், கீழே பிள்ளை. காலையில் எழுந்ததும் நிலானி மாடிப்படியடிக்கு வந்து "ம்மா, ம்மா" என்பாள். பிரேமிளா மேலே நின்று கையசைப்பாள்.

பிரேமிளா பள்ளிக்கூட ஆசிரியை; லீவில் இருந்தாலும் தன் உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கைவிட அவளுக்கு மனம் வரவில்லை. அவர்களின் பரீட்சை நெருங்கியிருந்தது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் ஃபோனிலேயே இரசாயனவியல் வகுப்பு எடுத்தாள். பாடம் அணு. உடைக்கவே முடியாத சின்ன உருண்டை என்று டால்ட்டன் நம்பியதில் தொடங்கி, தொம்சன் அதற்குள் இலத்திரன் என்ற நுண்துகளைக் கண்டது, ரதர்போர்ட் நடுவில் சின்னஞ்சிறு கரு இருப்பதைக் காட்டியது, அந்தக் கருவும் சில அணுக்களில் தானாகவே சிதையும் என்று தெரிய வந்தது என்று வரிசையாகச் சொல்லி வந்தாள்.

அனுஷியா என்ற மாணவி கேட்டாள்: "டீச்சர், ஒரு அணு எப்ப சிதையும்னு முன்கூட்டியே சொல்ல ஏலாதா?"

"ஏலாது மகள். கூட்டமா இருந்தா இத்தன நாள்ல பாதி போயிரும்னு சொல்லலாம். கதிர்வீச்சு அயடீனுக்கு எட்டு நாள். ஒத்த அணுவப் பத்திக் கேட்டா யாருகிட்டயும் பதில் இல்ல."

"சூடாக்கினா சீக்கிரம் போகாதா?"

"சூடாக்கினாலும் குளிர வச்சாலும் அது பாட்டுக்குத்தான் போகும்."

பதினொரு வருடமாகச் சொல்லி வந்த பதில்தான். அன்றைக்குச் சொல்லும்போது அவள் கண் சுவரிலிருந்த நாள்காட்டிக்குப் போனது.

அப்போது கீழே தொம்மென்று சத்தம். பின்னாலேயே வீறிட்ட அழுகை. பிரேமிளா மாடிப்படித் தலைப்புக்கு ஓடிவந்து பார்த்தாள். சாப்பாட்டு மேசைக் கதிரையில் ஏறி விழுந்திருந்த நிலானியின் உதடு கிழிந்து இரத்தம் வழிந்தது. தாயைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கினாள். யுகேஷ் வேலைக்குப் போயிருந்தான். ஞானேஸ்வரி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பிரேமிளா நாலு படி இறங்கினாள். ஐந்தாவதில் கால் நின்றுவிட்டது. ஒரு நிமிடம் தூக்கினால் என்ன ஆகிவிடும்? அநேகமாக ஒன்றும் ஆகாது. அந்த 'அநேகமாக'வைத் தாண்ட அவளால் முடியவில்லை.

"ஞானம்! ஓடி வா! ஞானம்!"

அந்தக் கத்தலில் பிள்ளை மிரண்டுபோனாள். அம்மா தன்னைத்தான் ஏசுகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, அழுகையை விழுங்கி, தூக்கிய கைகளை மெல்ல இறக்கிக்கொண்டாள்.

ஓடிவந்த ஞானேஸ்வரி அவளை வாரியெடுத்தாள். "மேல போங்க அண்ணி. நீங்க நின்னா இவ அடங்க மாட்டா."

அறையில் வகுப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "டீச்சர், பாப்பாவுக்கு என்ன?" என்று அனுஷியாவின் குரல். பிரேமிளா ஃபோனை அணைத்தாள்.

உதடு இரண்டு நாளில் ஆறியது. ஆனால் ஒன்பதாம் நாளிலிருந்து நிலானி படியடிக்கு வருவதை விட்டுவிட்டாள்.

பதினாறாம் நாள் பிரேமிளா தலைமுழுகிக் கீழே இறங்கி வந்து கையை நீட்டினாள். பிள்ளை அத்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ரெண்டு நாள்ல பழகிருவா," என்றான் யுகேஷ். "ஆறு மாசத்துல ஸ்கேன் எடுத்து, எல்லாம் சுத்தம்னு சொல்லிட்டா பிறகு பயமில்ல."

"சொல்லாட்டி?"

அவன் தங்கையின் பையை எடுத்துக்கொண்டுபோய்க் கேட்டடியில் வைத்தான்.

அன்று பின்னேரம் ஐந்து மணி பஸ்ஸுக்கு ஞானேஸ்வரி ஊருக்குப் புறப்பட்டாள். பிள்ளையைப் பிய்த்தெடுத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. "த்தை, த்தை" என்று கதறி, தாயின் நெஞ்சில் கையை ஊன்றித் தள்ளி, கேட் பக்கமே எட்டி எட்டிப் பார்த்தாள் நிலானி. பிரேமிளா அவளைத் தள்ளத் தள்ளப் பிடித்துக்கொண்டே முற்றத்தில் நடந்தாள்.