எண்ணெய்ச் சூட்டு முள்

பின்டாரா என்ற சிற்றூரின் விமானத் திடலில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினின் மேல்மூடி கழற்றிக் கிடந்தால் அந்தக் கொட்டகைக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம், யோசனை சொல்லலாம், டீ கேட்கலாம். மூடி பூட்டியிருந்தால் வெளியிலிருந்தே ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். யாரும் போட்ட சட்டமல்ல. சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்கள் கூச்சக்காரர்கள். இன்னொருவர் பக்கத்தில் போய் நிற்க அவர்களுக்கு ஒரு பழுது வேண்டியிருந்தது.

கிளெனிஸுக்கு அந்த மாதம் ஒரு பழுது வாய்த்தது. பறக்கும்போதெல்லாம் எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை ஒட்டிப் போய் நின்றது. இறங்கி எஞ்சின்மேல் கையை வைத்தால் அப்படியொன்றும் கொதிக்கவில்லை. மூடியைக் கழற்றி வைத்தாள். அன்று மாலையே நெவில் வந்தார். அவருக்குப் பின்னால், பழுது எங்கே என்று மோப்பம் பிடித்துக்கொண்டு டூகல்.

நெவில் கோதுமை நிலத்தை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்தவர். டூகல் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். இருவரும் எண்ணெய்ச் சூட்டை அளக்கும் சென்சாரைக் கழற்றி, பாத்திரத்தில் தண்ணீரோடு சூடாக்கி, பக்கத்தில் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தார்கள்.

"சூப்புக்கு உப்பு போடலியா?" என்றான் டூகல்.

"யோவ், வாய மூடிட்டு அளவைப் படி" என்றார் நெவில்.

"தொண்ணூறு. ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டுது. சென்சார் நல்லாத்தான் இருக்கு. கோளாறு ஓட்டுறவங்ககிட்டயோ என்னவோ."

"உன் பஸ்ஸுல ஏறுற பிள்ளைங்களக் கேட்டா தெரியும் கோளாறு யார்கிட்டன்னு" என்றாள் கிளெனிஸ். நெவில் இருமல் வரும்வரை சிரித்தார்.

தான் சொன்ன ஒன்றுக்கு ஒருவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று வீட்டுக்குப் போகும் வழியில் அவள் யோசித்தாள். வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நாள் முழுக்கப் பேசுகிறாள்தான். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். அது பேச்சல்ல. இந்த விமானத்தைக் கட்டிய வருடங்களில் இறக்கைகள் அவள் கூடத்தில்தான் கிடந்தன. விருந்தாளி உட்கார இடமில்லாததை அவள் ஒரு குறையாக உணர்ந்ததேயில்லை. இப்போது இஞ்சி பிஸ்கட் வாங்கினாள். கொட்டகையில் வைக்க இரண்டு கோப்பைகள் கூடுதலாக வாங்கினாள்.

புதன்கிழமை அவர்கள் வரவில்லை. பொழுது சாயும் நேரம், சென்சாரைப் பழைய இடத்தில் மாட்டி முடித்த சமயம், கையிலிருந்து நழுவிய திருகாணி ஒன்று விமானத்துக்கு முன்னால் எங்கோ உருண்டுவிட்டது. தேடுவதற்காக விமானி இருக்கையில் ஏறி, தரையிறங்கும்போது முன்னால் ஒளி வீசும் இறங்குவிளக்கைப் போட்டாள். முள் துள்ளியது.

எஞ்சின் காலையிலிருந்து குளிர்ந்து கிடந்தது. எண்ணெய் மெல்லச் சூடாகும் பொருள், அதற்குத் துள்ளத் தெரியாது. விளக்கை அணைத்தாள், முள் விழுந்தது. போட்டாள், எழுந்தது. பறக்கும்போது அவள் எப்போதும் விளக்கைப் போட்டுக்கொள்வாள். கொட்டகைக்குள் நிற்கும்போது விளக்கைப் போட்டுப் பார்க்க மூவருக்கும் தோன்றவில்லை. விளக்குக்கும் முள்ளுக்கும் உரிய எர்த் கம்பிகள் எல்லாம் ஒரே தகட்டில் வந்து சேர்ந்தன. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அந்தத் தகட்டுக்கு அவள் வெளிர்பச்சை பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு அதன்மேலேயே கம்பிகளை முடுக்கியிருந்தாள். பெயிண்ட் வழியாக மின்சாரம் ஒழுங்காகப் போகாது. விளக்கு எரிந்தால் முள் பொய் சொல்லும்.

உப்புத்தாள் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சுரண்டி முடுக்கினால் தீர்ந்தது.

விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மூடியை மாட்டவில்லை.

வியாழக்கிழமை மாலை எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதியில்தான் அடைப்பு என்று டூகல் சத்தியம் செய்தான். நெவில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தார். விடை தெரிந்த கேள்விகளை அவள் கேட்டாள். தனக்கு அது இவ்வளவு எளிதாக வரும் என்று அவள் எண்ணியதில்லை. பொய் சொல்வது போலவே இல்லை, விருந்தாளிக்கு இன்னொரு தடவை பரிமாறுவது போல இருந்தது. அவர்கள் கிளம்பியபின் கோப்பைகளைக் கழுவும்போதுதான் அது பொய்தான் என்று உறைத்தது.

சனிக்கிழமை காலையில் நெவில் தனியாக வந்தார். கையில் கந்தல் துணியில் சுற்றிய ஒரு சென்சார்.

"என்னோடதுதான். என் பிளேன்லருந்து கழட்டிட்டு வந்துட்டேன். இதப் போட்டுப் பாத்துருவோம்."

"இன்னிக்கு நீங்க மில்டியூராவுக்குப் பறக்கணுமே? தங்கச்சி பிறந்தநாளுக்கு?"

"அடுத்த வாரம் போயிக்கலாம். நாளைக்குப் போகலாம்னா, நாளையிலருந்து மழைன்னு ரேடியோவுல சொல்றான். பரவால்லம்மா, அவ கோவிச்சுக்க மாட்டா. ஆஸ்பத்திரியிலருந்து வந்தப்புறம் கோவிக்கறதுக்கும் தெம்பில்ல அவளுக்கு."

துணியைப் பிரித்துக்கொண்டிருந்த அவருடைய தடித்த விரல்களையே கிளெனிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நிமிடம் பேசாமலிருந்தால் போதும், இந்த நாள் முழுவதும் அவளுடையது.

"நெவில், அதைத் திருப்பி மாட்டிக்கங்க. எர்த்துதான் கோளாறு. தகட்டுல நான் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன். புதன்கிழமையே கண்டுபிடிச்சிட்டேன்."

அவருடைய விரல்கள் நின்றன.

"அப்ப வியாழக்கிழமை நான் கீழ படுத்துக்கிட்டிருந்தப்ப?"

"தெரியும்."

"நீ பிஸ்கட் நீட்டிக்கிட்டிருந்த."

"ஆமா."

"ஏம்மா?"

"மூடிய மாட்டிட்டா நீங்க ரெண்டு பேரும் வர மாட்டீங்க."

நெவில் மேஜைமேலிருந்த கோப்பைகளைப் பார்த்தார். பிறகு அவற்றைப் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சென்சாரை மறுபடி துணியில் சுற்றினார்.

"இத மாட்டுறதுக்குள்ள வெயில் ஏறிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பெயிண்டைச் சுரண்டினாள். தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, கம்பிகளை முடுக்கி, இருக்கையில் ஏறி ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளக்கைப் போட்டாள். முள் படுத்தபடியே கிடந்தது. சரியாகிவிட்ட ஒன்றைப் பார்க்கும்போது வரவேண்டிய நிம்மதிக்காகச் சற்றுக் காத்திருந்தாள். வரவில்லை.

ரேடியோவில் நெவிலின் குரல் வந்தது. கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திடலை விட்டுக் கிளம்புகிறவர் சொல்லவேண்டியதை அவர் சொன்னார். பின்டாராவிலிருந்து கிளம்புகிறேன், வடக்கே மில்டியூராவுக்கு.

அவள் பேசும் பொத்தானை அழுத்தினாள். "நெவில், கிளெனிஸ் பேசறேன். முள் சரியாயிடுச்சு. பத்திரமா போயிட்டு வாங்க."

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு காதில் இரண்டு முறை டிக், டிக். பேச விரும்பாத விமானி பொத்தானை அப்படித் தட்டுவதுண்டு. கேட்டது என்று அதற்கு அர்த்தம். அதற்கு மேல் எதுவுமில்லை. மன்னிப்பைத் தேடினாள், கோபத்தைத் தேடினாள். இரண்டுமே அந்தச் சின்ன ஓசையில் அகப்படவில்லை.

எஞ்சின் சத்தம் கோதுமை வயல்களுக்கு அப்பால் தேய்ந்து அடங்கியது. ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அதே அலைவரிசையில், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வேறு ஏதோ ஊருக்குத் தன் வருகையை அறிவித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரிலிருந்து யாராவது பதில் சொல்கிறார்களா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.