படியில் வைத்த விளக்கு

ஜூன் மாதம் வந்தால் எங்கள் ஜோகுபாளையம் தெருவில் திருஇருதய ஆண்டவர் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு பாட்டோடு வீடு வீடாக வருவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நாள். வாசலில் விளக்கு எரிகிற வீட்டில்தான் இறக்குவார்கள். இருட்டாக இருந்தால் அடுத்த வீடு. இறக்கியதும் வீட்டுக்காரி முதல் வேண்டுதலைச் சொல்லுவாள், தெரு முழுக்கப் பதில் சொல்லும். அப்படிக் கேட்டது கிடைக்காமல் போகாது என்று எங்களுக்கு நம்பிக்கை.

1917-இல் எனக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் பட்டாளத்தோடு மெசபொட்டேமியா சண்டைக்குப் போனவர். நாலு மாதமாகக் கடுதாசி இல்லை. என் முறை எப்போது வரும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்த அன்று சாயங்காலம் வீட்டை மெழுகி, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, விளக்கையும் ஏற்றினேன். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நோரா, "தண்ணி... தண்ணி..." என்று முனகினாள்.

நோரா கல்யாணமில்லாமல் ஒரு சோல்ஜரோடு குடும்பம் நடத்தியவள். அவன் கப்பலேறிப் போய்விட்டான், இவள் தெருவுக்கு ஆகாதவளாகிவிட்டாள். சொரூபம் ஒரு வருஷமும் அவள் வீட்டில் இறங்கியதில்லை. அவளும் விளக்கு வைத்ததில்லை. நானும் அவளோடு பேசினதில்லை, நல்லவள் வேஷம் எதற்கு? காய்ச்சல் வர இவளுக்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது என்று திட்டிக்கொண்டேதான் எழுந்தேன்.

அவள் வீட்டில் சொட்டு எண்ணெய் இல்லை. என் விளக்கையே எடுத்துப் போனேன். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள், வாசற்படியில் வைத்தேன். இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்றால், குடித்ததை என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. துடைத்து, நெற்றியில் ஈரத்துணி போடுவதற்குள் பாட்டுச் சத்தம் தெருவில் திரும்பிவிட்டது.

இருட்டாகக் கிடந்த என் வீட்டைப் பாட்டு தாண்டுவது கேட்டது. பிறகு நோராவின் வாசலில் பாட்டு நின்றது.

ஜெபம் நடத்த வந்த கோயில் உபதேசியார் பெர்னார்ட் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா பிரிஜெட், இங்க இன்னா பண்றே? இது உன் விளக்கா?"

"ஆமாங்க."

"அப்ப எடுத்துக்கினு உன் வூட்டுக்கு வா. இன்னிக்கு உன் மொறைதானே? ஜனங்க நிக்கிறாங்க பாரு."

நோரா என் கையை விலக்கினாள். "போ அக்கா. உன் வூட்டுக்காரருக்காக வேண்டிக்கோ. வுட்டா இனிமே அடுத்த வருஷம்தான்."

மறைப்பானேன், எழுந்து போய் விளக்கைக் கையில் எடுத்தும்விட்டேன். திரும்பிப் பார்த்தால், நோரா சொரூபத்தைக் கண்டதும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். ரெமிஜியஸுக்கு அங்கே காய்ச்சல் கண்டால் யார் தண்ணீர் கொடுப்பார்கள் என்று தோன்றியது.

விளக்கைத் திரும்பப் படியிலேயே வைத்தேன். "விளக்கு இருக்கிற வூட்லதானே எறக்கணும், உபதேசியாரே? எறக்குங்க."

அவர் தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து உள்ளே வந்து, நோராவின் தகரப் பெட்டி மேல் ஆண்டவரை வைத்தார்.

"வூட்டுக்காரங்கதான் மொதல்ல சொல்லணும்," என்றார், நோராவின் முகத்தைப் பார்க்காமலே.

அவள் முட்டி போடப் பார்த்தாள், முடியவில்லை, நான் தாங்கிக்கொண்டேன். தன் காய்ச்சலைச் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"ரெமிஜியஸ் அண்ணன் நல்லபடியா வூடு வந்து சேரணும், ஆண்டவரே."

உபதேசியார்தான் முதலில் முட்டி போட்டார். "சுவாமி, எங்கள் பிரார்த்தனையை நன்றாகக் கேட்டருளும்," என்றார். பிறகு தெரு முழுக்க அவளுக்குப் பதில் சொன்னது. அவளைத் தாங்கிக்கொண்டே நானும் சொன்னேன்.