அக்காவின் பொத்தான் கடை

ஒரு கோட்டுக் கையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் போனில் அந்தச் செய்தி வந்தது. படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், என் கடையை மூடிட்டாங்கடா."

குரலில் அழுகை இல்லை. வெளியே போய்த் திரும்புவதற்குள் யாரோ வீட்டுக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்ட மாதிரி ஒரு திகைப்புதான் இருந்தது. தம்பி அப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட்டுக்கு மேலே, பழுதுபார்த்த எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தான்.

"என்ன காரணம்னு போட்டிருக்கா?" என்று கேட்டான்.

காரணம் அவனுக்குத் தெரியும்.

அக்கா துணி திருத்தும் கடையில் வேலை பார்த்தாள். நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. பழைய கோட்டுகளை வேண்டாமென்று விட்டுப்போகிறவர்கள் உண்டு. அவற்றிலிருந்து பொத்தான்களை வெட்டிச் சேர்த்துவைப்பாள். சிப்பி, கொம்பு, கண்ணாடி, உலோகம் என்று பிரித்து ஜாடி ஜாடியாக அலமாரி முழுக்க அடுக்கியிருந்தாள். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். தம்பிதான், "இதுக்கெல்லாம் ஆள் இருக்குக்கா, விக்கலாம்" என்று இணையச் சந்தையில் அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். அவன் அங்கே ஏற்கெனவே பழைய பொம்மைக் கார்கள் வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். போட்டோ ஏற்றுவது, பண விவரம் பார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. பாஸ்வேர்டும் அவனிடம்தான். வாங்குகிறவர்களோடு பேசுவது மட்டும் அக்கா.

அந்தப் பேச்சில்தான் அவள் உயிர் இருந்தது. முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து மனிதர்கள் எழுதுவார்கள். 'அப்பா கோட்டில் ஒன்று விழுந்துவிட்டது, இதே மாதிரி கிடைக்குமா?' என்று படம் அனுப்புவார்கள். அவள் தரையில் தாள் விரித்து ஜாடிகளைக் கொட்டித் தேடுவாள். பொத்தானில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் படமெடுத்து முதலிலேயே சொல்லிவிடுவாள். புருஷன் போன பிறகு அவள் யாரோடும் இவ்வளவு பேசித் தம்பி பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சந்தைக்காரர்கள் விதியை மாற்றினார்கள். தனியாள் விற்பனையாளர் மாதத்துக்கு இருபது பொருளுக்கு மேல் போடக் கூடாது. மேலே போடுவதென்றால் வியாபாரமாகப் பதிவுசெய்து சான்றிதழ் காட்ட வேண்டும். போலிச் சரக்கு விற்கிற பெரிய கைகளைப் பிடிக்கத்தான் இந்த விதி என்றார்கள். பெரிய கைகள் சான்றிதழ் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். மாட்டிக்கொண்டது தம்பி மாதிரி ஆட்கள்தான். அந்த நேரம் பார்த்து அவன் ஒரு பெரியவரின் சேகரிப்பை மொத்தமாக வாங்கி வைத்திருந்தான். வீட்டில் நடக்க இடமில்லை. "கட்டிலை வித்துட்டுக் காருக்குள்ளயே படுத்துக்கலாமா?" என்று மனைவி கேட்டாள்.

அக்கா மாதத்துக்கு ஏழெட்டுப் பொத்தான்தான் போடுவாள். மீதி இடம் சும்மா கிடந்தது. அவன் அவள் கணக்கில் கார்களைப் போட்டான். அந்தப் பணம் மட்டும் தன் வங்கிக்கு வரும்படி மாற்றிவைப்பான். விற்றதும் அந்தப் பக்கத்தையும் வாங்கியவரின் செய்திகளையும் அக்கா கண்ணில் படாமல் மறைத்துவிடுவான். கேட்டுவிட்டே செய்திருக்கலாம். கேட்டால் அக்கா, "கூடாதுன்னா கூடாதுடா" என்று சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.

ஒரே வங்கி எண் இரண்டு கணக்கில் வந்ததை அவர்களுடைய இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. தம்பியின் கணக்குக்கு வந்தது ஓர் எச்சரிக்கை. அக்காவின் கணக்கு, விதியை ஏமாற்றத் திறந்த போலிக் கணக்கு என்று மூடப்பட்டது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனான். மேஜையில் போன், பக்கத்தில் ஆறிப்போன டீ.

"நான் என்னடா தப்புப் பண்ணேன்? அந்தச் சிப்பிப் பட்டன்ல ஓரம் உடைஞ்சிருந்ததே, அதைச் சொல்லாம விட்டுட்டேனோ?"

"அதெல்லாம் இல்லக்கா. மெஷின் தப்பா புடிச்சிருக்கும்."

"அப்போ நீயே எழுதேன். உனக்குத்தான் நல்லா எழுத வரும்."

அவள் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினான். 'என் சகோதரி எந்தத் தவறும் செய்யவில்லை' என்று அடித்தான். அது உண்மைதான். அந்த உண்மையை வைத்தே ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டிருந்தது அவனுக்கே கூசியது. அவள் பக்கத்தில் நின்று, "ரொம்பக் கோபமா எழுதாத, பாவம் அவங்களும் வேலை பாக்கறவங்க" என்றாள்.

அதற்குப் பதில் வர நாளானது. அந்த நாட்களில் அவள் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பெண், இறந்துபோன தன் அம்மாவின் கோட்டுக்குப் பச்சைக் கண்ணாடிப் பொத்தான் ஒன்று கேட்டிருந்தாள். அக்கா தேடி எடுத்துப் பொட்டலமும் கட்டிவிட்டாள். விலாசம் வருவதற்குள் செய்திப் பெட்டி பூட்டிக்கொண்டது. "நான் ஏமாத்திட்டேன்னு நினைப்பாளோ?" என்பாள். ஒவ்வொரு தடவையும் தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொள்வான்.

ஒருவழியாக வீடியோவில் பேச நேரம் கொடுத்தார்கள். அக்கா நல்ல புடவை கட்டி, தலை வாரி, கேமரா முன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தம்பி பக்கத்து நாற்காலியில். கம்பெனியிலிருந்து பேசிய இளம் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"உங்க கணக்குல பொம்மைக் கார் வித்திருக்கு மேடம். அதைப் போட்டது நீங்களா?"

"காரா? நான் பட்டன் மட்டும்தாம்மா விக்கறேன்."

"வேற யாராவது உங்க கணக்கை உபயோகிச்சாங்களா?"

"என் தம்பி மட்டும்தான் உதவி பண்ணுவான். இதோ, பக்கத்துலதான் இருக்கான். அவன் அப்படியெல்லாம் பண்ற ஆள் இல்ல."

அவள் தயங்காமல் சொன்ன விதத்தில் அவன் உடைந்துபோனான்.

"நான்தாங்க," என்றான். "அக்காவுக்கு எதுவுமே தெரியாது. எல்லாம் நான் பண்ணது. அவங்க கணக்கைத் திருப்பிக் கொடுத்துடுங்க. வேணும்னா என்னுதை மூடிடுங்க."

திரையிலிருந்த பெண் கொஞ்ச நேரம் எதையோ படித்தாள். பாஸ்வேர்டை இன்னொருவரிடம் கொடுப்பதே விதிமீறல், அதனால் கணக்கைத் திறக்க வழியில்லை என்றாள். "காரைத் தானே போட்டதா மேடம் சொல்லியிருந்தா ஒரு எச்சரிக்கையோட போயிருக்கும் சார். இப்போ பதிவாயிடுச்சு. என் கையில எதுவும் இல்ல." அவள் குரலிலும் வருத்தம் இருந்தது. திரை அணைந்தது.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. ஜாடி மூடி ஒன்றைத் திறந்தாள், மூடினாள்.

"அன்னிக்கு என் முன்னாடியே உக்காந்து எழுதினியே," என்றாள். "கார் வித்ததுகூடப் பெரிசில்லடா. நான் என்ன தப்புப் பண்ணேன்னு உன்கிட்டயே கேட்டுக்கிட்டிருந்தேன் பாரு."

"நீ கிளம்பு," என்றாள்.

அதன் பிறகு அவன் தன் கணக்கிலிருந்து அந்தப் பச்சைப் பொத்தான் பெண்ணைத் தேடினான். தளத்தில் அவள் வைத்திருந்த புனைபெயர் அக்கா சொல்லி ஞாபகம் இருந்தது. கண்டுபிடித்து, நடந்ததையெல்லாம் எழுதினான். பதில் சீக்கிரமே வந்தது: 'பரவாயில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு எல்லாப் பொத்தான்களையும் புதிதாக மாற்றிவிட்டேன்.' அதை அக்காவிடம் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. கதவருகே நின்றபடியே படித்தான். அவள் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, தையல் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினாள்.

சேகரிப்பாளர்கள் ஒரு மண்டபத்தில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். தபால்தலை, நாணயம், பொம்மை என்று மேஜை போட்டு விற்பார்கள். அவன் ஒரு மேஜை பிடித்தான். கார்களைக் கொண்டுபோகவில்லை. அக்காவின் ஜாடிகளைக் கேட்டான். தரமாட்டாள் என்று நினைத்தான். அவள் ஜாடிகளோடு தானும் கிளம்பி வந்தாள்.

"உனக்குச் சிப்பிக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் தெரியாது. அதான் வந்தேன்," என்றாள்.

இங்கே யாரும் படம் அனுப்பவில்லை. கோட்டையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்பு இணையத்தில் கேட்டு எழுதியவர்களில் கால்வாசிகூட இல்லை. விலை பேரம் பேசினார்கள், குழந்தைகள் ஜாடியில் கைவிட்டுக் கலக்கினார்கள். அக்கா எல்லாருக்கும் பதில் சொன்னாள். தம்பியிடம் மட்டும், "அந்தத் தட்டை எடு", "சில்லறை இருக்கா" என்பதற்கு மேல் பேசவில்லை.

கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அவன், "என் கணக்கை நானே மூடிடறேன்க்கா," என்றான்.

"எதுக்கு? நீ மூடினா என்னுது திறக்குமா? உன் பெண்டாட்டிக்கு நடக்க இடம் வேணும். வித்துட்டுப் போ."

"அக்கா, என்னை மன்னி…"

"இப்போ கேக்காத." அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "நீ கேட்டா நான் சரின்னு சொல்லிடுவேன். அவ்வளவு சுலபமா உன்னை விட எனக்கு இன்னும் மனசு வரல. கேக்கலாம்னு எனக்குத் தோணும்போது நானே சொல்றேன்."

அவன் தலையாட்டினான். ஒரு கிழவர் கையில் ஸ்வெட்டரோடு மேஜையைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.