தவறான விடைக்கு ஒரு மாணவி

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களுக்கான ஒரு மாத இதழிலிருந்து கேட்டிருந்தார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்கிறவர்களுக்குச் சுவையான வகுப்பறை யோசனைகள் வேண்டுமாம். "கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும் சார்" என்றார்கள். நானும் உற்சாகமாகத்தான் உட்கார்ந்தேன்.

யோசனை ஒன்று: பின்னங்களை ஒப்பிட டீக்கடை உஸ்மானியா பிஸ்கட்டைப் பயன்படுத்துங்கள். மாணவர்கள் ஒரு பிஸ்கட்டை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் உடைத்து—

உடைத்துப் பார்த்தேன். நான்காக உடைக்கப் போனால் தூள்தான் மிஞ்சுகிறது. (இந்த மாதிரி யோசனைகளை எழுதுகிற யாரும் எதையும் உடைத்துப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் சந்தேகம்.) பிஸ்கட்டை விட்டுக் காகிதப் பட்டைக்கு மாறினேன். காகிதப் பட்டை என்று எழுதியதும் ஸ்டெல்லா வந்து நின்றுவிட்டாள். அதோடு யோசனைகள் நின்றுபோயின.

2

'சனத்நகரில் தொழிற்சாலைச் சங்கு ஊதி அடங்கிய ஒரு காலையில்...' வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் புகையிலும் இரும்பிலும் போய் நிற்கும்.

'ஸ்டெல்லா நல்ல ஆசிரியை.' இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன். கதை முடிவதற்குள் நீங்கள் இதை மறந்துவிடக்கூடும்.

ஸ்டெல்லா ஹைதராபாத் சனத்நகரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் ரயில்வே காலனியில். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, கோபம் வந்தால் ஹைதராபாத் இந்தி. அவளுடைய பள்ளியில் வருடத்துக்கொரு முறை 'டெமோ கிளாஸ்' உண்டு. நிர்வாகத்தார் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் வேலை இல்லை.

டெமோ கிளாஸ் தானாக நடக்கிற வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். யார் எந்தக் கேள்விக்குக் கையைத் தூக்க வேண்டும் என்பது வரை ஒத்திகை உண்டு.* அதில் ஒரு நுணுக்கமும் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் சொன்னால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் தட்டிவிடும். ஆகவே ஒரு பிள்ளை தவறாகச் சொல்ல வேண்டும். ஆசிரியை அதட்டாமல் சிரித்து, காகிதப் பட்டைகளை மடிக்கவைத்து, அந்தப் பிள்ளை தானாகவே சரியான விடையைக் கண்டுபிடித்ததுபோல் காட்ட வேண்டும்.

* எல்லாப் பள்ளியிலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. உங்கள் பள்ளியில் எப்படி என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

3

தவறு சொல்வதற்கு ஸ்டெல்லா ஜெஸ்ஸியை எடுத்துக்கொண்டாள். ஜெஸ்ஸி தமிழ்ப் பெண். தமிழ் புரியும், பேச்சு மட்டும் தெலுங்கிலும் இந்தியிலும் வரும். டெமோ நடுவே எதையாவது ஞாபகப்படுத்த வேண்டுமென்றால் தமிழில் முணுமுணுத்துவிடலாம், பின் பெஞ்சுக்காரர்களுக்குப் புரியாது.

"இங்க வா கண்ணு. மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசான்னு கேப்பேன். நீ நாலுல ஒண்ணுன்னு சொல்லணும். ஏன்னு கேட்டா?"

"ஃபோர் பெத்ததி கதா மிஸ்," என்றாள் ஜெஸ்ஸி. நாலுதானே பெரிசு என்று.

"அதேதான். பயப்படாம சத்தமாச் சொல்லு. அப்புறம் பட்டைய மடிச்சுப் பாத்துட்டு, 'நவ் ஐ அண்டர்ஸ்டாண்ட் மிஸ்'னு சொல்லிரு. ஹவ்வா?"

"ஹவ் மிஸ்," என்றாள். அந்த ஊர் இந்தியில் 'சரி' என்று அர்த்தம்.

ஆக, புரிந்தது என்பதையும் ஒத்திகை பார்த்தாயிற்று. புரியவைப்பதற்குத்தான் நேரம் இருக்கவில்லை. ஜெஸ்ஸி தினமும் நாலில் ஒன்றே பெரிது என்று சொல்லிப் பழகினாள். அவளுக்கு அதில் பெருமைகூட உண்டு. வகுப்பில் மிஸ் தமிழில் பேசுவது அவளிடம் அதிகம்.

[இங்கே ஒரு யோசனை எழுதினேன்: 'தாய்மொழியில் பேசி மாணவரின் நம்பிக்கையைப் பெறுங்கள்.' எழுதிவிட்டு அடித்தேன். ஜெஸ்ஸிக்கு அந்த வகுப்பறையில் தமிழில் சொல்லிக்கொடுத்த ஒரே கணக்கு, தப்புக் கணக்கு.]

4

டெமோ அமோகமாக நடந்தது. ஜெஸ்ஸி சத்தமாகத் தவறினாள், பட்டையை மடித்தாள், தன் வசனம் மறந்துவிடக் கூடாதே என்ற கவலையில் பட்டையைப் பார்க்காமலே 'நவ் ஐ அண்டர்ஸ்டாண்ட் மிஸ்' என்றாள். பின் பெஞ்சில் கைதட்டினார்கள். ஸ்டெல்லாவுக்கு அடுத்த வருடம் வேலை உண்டு. பெற்றோர் தினத்தில் இதையே இன்னொரு முறை செய்துகாட்டும்படியும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த மாதப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. ஜெஸ்ஸி நாலில் ஒன்று என்று எழுதியிருந்தாள்.

விடைத்தாளைக் கொடுக்கும்போது ஸ்டெல்லாவுக்கு எரிச்சல். "கைக்கு, ஏன் இப்படி எழுதின? நம்ம கிளாஸ்ல செஞ்சு பாத்தோமே!" அதே மூச்சில், குரலைத் தணித்து, "சனிக்கிழமை பேரண்ட்ஸ் முன்னாடி மறுபடி பண்ணணும். நீதான். அதே ஆன்சர், சரியா கண்ணு?" என்றாள்.

ஜெஸ்ஸி ஹவ் என்று சொல்லவில்லை.

"மேரேகுச் கைக்கு மிஸ்? மை டல் ஹூம் க்யா?"

என்னையே ஏன் மிஸ், நான் மக்கா என்று கேட்கிறாள். (முதல் பிரதியில் இதை அவள் திக்கித் திக்கித் தமிழில் கேட்டாள். படிக்கிறவர்கள் கண் கலங்கட்டும் என்று நான்தான் கேட்கவைத்தேன். உண்மையில் வகுப்பு மொத்தத்துக்கும் புரிகிற மொழியில், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.)

5

முடிக்க வேண்டும். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவது. "நீ நல்லா நடிப்பேன்னுதான் கண்ணு" என்கிறாள் ஸ்டெல்லா. ஜெஸ்ஸி சிரிக்கிறாள். பச்சைப் பொய். ஆண்டு விழா நாடகத்தில் அவளை ஒரு மரமாகக்கூட யாரும் நிறுத்தியதில்லை.

இரண்டாவது. "உனக்குத் தமிழ் புரியும், அதான்." பாதிதான் உண்மை. முன் பெஞ்சில் அபிநவ் இருக்கிறான், அவனுக்கும் தமிழ் புரியும். அவனைக் கேட்டிருந்தால், பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் அதிகாரியாக இருக்கும் அவன் அம்மா பத்மஜா மறுநாளே வந்து, "என் பிள்ளைய எதுக்குத் தப்பா சொல்ல வெச்சேள்?" என்று பிரின்சிபல் முன்னால் நின்றிருப்பாள். ஜெஸ்ஸியின் அம்மா ஆரோக்கியமேரி மாத்திரை பேக்கிங்குக்கு ஷிப்டு போகிறவள். வரமாட்டாள், கேட்கமாட்டாள். இதையெல்லாம் ஸ்டெல்லா திட்டம் போட்டுச் செய்யவில்லை. யோசிக்காமலே அவள் கண் ஜெஸ்ஸி பக்கம் போயிற்று. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மூன்றாவது, இதழ்க்காரர்களுக்குப் பிடிக்கக்கூடியது. ஸ்டெல்லா மன்னிப்புக் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பட்டைகளை நிதானமாக மடித்துக் காட்டுகிறாள். ஜெஸ்ஸியின் முகம் மலர்கிறது. பெற்றோர் தினத்தில் எழுந்து சரியான விடையைச் சொல்லி—

இந்த வாக்கியத்தில் பேனா நின்றது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் அவளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். நவ் ஐ அண்டர்ஸ்டாண்ட் மிஸ். கிழித்துப் போட்டேன்.

6

என்னிடம் முடிவு இல்லை. ஜெஸ்ஸி விடைத்தாளோடு இன்னும் நிற்கிறாள். வகுப்பு மொத்தமும் ஸ்டெல்லாவைப் பார்க்கிறது.

நீங்கள் ஆசிரியர் என்பதால்தான் இந்த இதழ் உங்கள் கையில் இருக்கிறது. அவளுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். ஆனால் பார்த்துச் சொல்லுங்கள். மிஸ் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுகிற பிள்ளை அவள்.