எட்டாவது பாதுகாவலர்

1

இந்தக் கதை ஒரு செய்தித்தாள் துணுக்கிலிருந்து பிறந்தது. ஒரே ஆண்டில் ஏழு வீடு மாறிய இரண்டு அநாதைச் சிறுமிகளைப் பற்றி, ஆறாம் பக்க மூலையில், செருப்பு விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி. (இது பொய். மூன்றாம் பகுதியில் ஒப்புக்கொள்கிறேன். அதுவரை நம்புவதுபோல் பாவனை செய்யுங்கள்.)

பதிப்பாளர் கேட்டது சிறுவர் நாவல். "சார், பசங்க விழுந்து விழுந்து சிரிக்கணும். ஆனா அந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு நல்லதுகூட நடக்கக் கூடாது" என்றார்.

தொடக்கம் சரியாக அமையவில்லை.

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு' — வேண்டாம். அநாதைகளுக்கு எப்போதும் மழைதான் பெய்கிறது.

'அப்பா அம்மா இறந்த செய்தி வந்தபோது பெரியவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள், அதனால் அவளால் உடனே' — இது இருக்கட்டும்.

2

அத்தியாயத்துக்கு ஒரு பாதுகாவலர், மொத்தம் எட்டு. முதல் ஆள் குடை ரிப்பேர்காரர். தான் செய்த ராட்சதக் குடையைச் சோதிக்க மொட்டைமாடிக்குப் போனவர், காற்றோடு போய்ச் சேர்ந்தார். இரண்டாவது ஆள் பல் மருத்துவர். சிறுமிகளைப் பேருந்து நிலையத்தில் உட்காரவைத்து, "இதோ வந்துடறேன்" என்று போனவர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். மூன்றாவது, சோப்பு ஆலை முதலாளியம்மா, வழுக்கி விழுந்தார். எதில் என்று சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு முறையும் பை கட்டப் பத்து நிமிடம் கிடைக்கும். சின்னவள் மட்டும் பையைப் பிரிப்பதே இல்லை. பல் தேய்க்கும் பிரஷ்கூட அதற்குள்தான். இதைக் கேட்டுப் பதிப்பாளர் போனில் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது.

3

சரி, சொல்லிவிடுகிறேன். துணுக்கு எதுவும் கிடையாது. எட்டு மாதத்துக்கு முன் என் அக்காவும் அத்தானும் சாலை விபத்தில் போய்விட்டார்கள். அவர்களுடைய இரண்டு பெண்களும் என்னோடு இருக்கிறார்கள். பெரியவளுக்குப் பன்னிரண்டு, சின்னவளுக்கு ஆறு. நான் எழுதும் அறை அவர்களுக்குப் போனது. நான் சமையலறை மேசைக்கு வந்தேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் எங்கள் பெரியவள்தான். வாசலில் நின்று செய்தியைச் சொன்னவன் நான்.

பிரஷ் விஷயம் மட்டும் என் சொந்தக் கற்பனை என்று இறுமாந்திருந்தேன். நேற்றுதான் குளியலறைக் குவளையில் எண்ணிப் பார்த்தேன். மூன்று பேருக்கு இரண்டு பிரஷ்.

எழுதியதைப் பெரியவள் சத்தமாக வாசிப்பாள். சின்னவள் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"இந்த ஆள் செத்துட்டாரா, விட்டுட்டுப் போயிட்டாரா?"

"ஏம்மா கேக்கற?"

"செத்துட்டாங்கன்னா பரவால்ல மாமா. அவங்க வேணும்னு போகலல்ல."

(இங்கே ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். எனக்கு அழுகை வந்ததை மூன்று விதமாகச் சொல்லியிருந்தேன். ஒரு விதமே போதும்.)

4

"எட்டாவது ஆள் விடுதி வாசல்ல விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போகணும் சார்" என்றார் பதிப்பாளர். "அப்பத்தான் ரெண்டாம் பாகத்துக்கு வழி."

என் இழுப்பறையில் ஒரு விடுதிப் பள்ளியின் விண்ணப்பம் மூன்று வாரமாகக் கிடப்பது அவருக்குத் தெரியாது. நல்ல பள்ளி, பெரிய விளையாட்டுத்திடல். எனக்குச் சமைக்க வராது, பின்னல் போடத் தெரியாது. எல்லாமே நியாயமான காரணங்கள். விட்டுவிட்டுப் போன என் பாதுகாவலர்கள் எல்லோரிடமும் நியாயமான காரணங்கள் இருந்தன, நானே எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறு மதியம் பெரியவள் அந்த விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பெயர், வகுப்பு, ரத்த வகை, எல்லாம் இரண்டு பேருக்கும் குண்டு குண்டான எழுத்தில் நிரப்பியிருந்தது. சேர்க்கும் காரணம் என்ற இடத்தில், 'மாமாவுக்கு எழுத இடம் வேண்டும்.'

"யாரு உன்ன நிரப்பச் சொன்னது?"

"உங்களுக்குத்தான் ஃபாரம் நிரப்பறதுன்னாலே எரிச்சலாச்சே. கையெழுத்து மட்டும் போட்டுடுங்க மாமா."

குரலில் குத்தல் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) எட்டாவது ஆள் கையெழுத்துப் போடுகிறார். பதிப்பாளருக்குப் பிடிக்கும்.

ஆ) கிழித்துப் போடுகிறார், மூவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பெரியவள் நம்பமாட்டாள். கிழித்தால் இன்னொரு ஃபாரம் வாங்கலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

இ) எட்டாவது ஆள் செத்துப்போகிறார். சின்னவள் மன்னித்துவிடுவாள். அதனாலேயே என்னால் இதை

பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, உட்கார்ந்திருந்தேன். சின்னவள் வந்து மேசை விளிம்பில் முகவாயை வைத்தாள்.

"எட்டாவது ஆள் என்ன ஆனார் மாமா?"

"இன்னும் எழுதலம்மா."

"அப்ப இன்னும் வீட்லதான் இருக்காரா?"

"இருக்கார்."

பேனாவைப் பார்த்தாள்.

"அப்ப எழுதாதீங்க."

என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டுபோய்த் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். வீட்டில் இருந்த ஒரே பேனா அது. இந்த வரிகளைப் பெரியவளின் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பத்தில் பென்சில் கையெழுத்து செல்லாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

வாசகரே, மிச்சம் உங்கள் பொறுப்பு. எட்டாம் அத்தியாயம் எங்கே என்று பதிப்பாளர் உங்களிடம் கேட்டால், ஆள் வீட்டில்தான் இருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.